மூன்றெழுத்தும் ஆறெண்ணும்

நூலைத் திறனாய்வோர் அதன் பொருளை ஆராய்வர், நடையை ஆராய்வர், பாட வேறுபாடுகளைக்கூட விடாமல் ஆராய்வர். ஆனால், அந்நூலை எழுதிய கருவி தமிழுக்கு என்ன செய்தது என்று கேட்போர் அரியர். கருவி எதுவாயினும் எழுத்தின்மேல் தன் கைவரிசையைக் காட்டாமல் இருப்பதில்லை. கணிப்பொறியோ அதில் எல்லாவற்றையும் விஞ்சியது. 'கே' என்பது ஓரெழுத்தா, ஈரெழுத்தா? அகரவரிசையில் ழகரம் எங்கே நிற்க வேண்டும்? மெய்யிலிருந்து உயிர்மெய் பிறந்ததா, உயிர்மெய்யிலிருந்து மெய் பிறந்ததா? இவற்றிற்கெல்லாம் தனக்கென ஒரு விடையை வைத்துக்கொண்டுதான் அது நம் மேசைமீது வந்து அமர்கிறது. அவ்விடை சரியா என்று பார்ப்பதும் திறனாய்வே. 'கணினித் தமிழ் வாழ்க' என்னும் வாழ்த்து மேடைதோறும் ஒலிக்கிறது. வாழ்த்தப்படுவது நலமாக இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்போர் குறைவு.

நாடி பிடிக்க ஒரு சொல் போதும். அதனைச் சங்க நூலிலிருந்து தேடி எடுக்க வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் 'கேலாங்' என்றோர் ஊர்ப்பகுதி உண்டு. சாலையின் வடபுறத்துச் சந்துகளுக்கு ஒற்றைப்படை எண், தென்புறத்துச் சந்துகளுக்கு இரட்டைப்படை எண் என்று ஒழுங்காக வகுக்கப்பட்ட பகுதி அது. கேலாங் கிழக்கில், 1993ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் உள்ளது. அக்கோயிலின் முகவரியைத் தமிழில் எழுதுவோர் எவரும் இச்சொல்லை எழுதியே ஆக வேண்டும். ஙகர மெய் சொல்லுக்கு ஈறாகாது என்று இலக்கணம் வல்லார் முகம் சுளிக்கலாம். பெயர் மலாய் வழக்கைச் சார்ந்தது, பொறுத்தருள்க. கே, லா, ங் என மூன்றே எழுத்து. தொடக்கப்பள்ளிச் சிறுவனும் விரல்விட்டு எண்ணிவிடுவான். கணிப்பொறியைக் கேட்டால் ஆறு என்கிறது! இந்த மூன்றுக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

பழமையிலிருந்து தொடங்குவோம். இச்சொல்லை ஓலையில் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவர். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ஆகவே 'கெலாங' என்றோ 'கெலரங' என்றோ படிக்க இடமிருக்கும். படிப்போன் பொருள் நோக்கித் தெளிந்துகொள்ள வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் இத்தகைய இடர்ப்பாட்டோடு வாழ்நாளெல்லாம் போராடினர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரக் கொம்புகளை வேறுபடுத்திக் காட்டிய பின்னரே 'கெ'யும் 'கே'யும் கண்ணுக்குப் பிரிந்து நின்றன. ஆயினும் ஓலைக்கு ஒரு பெருமை உண்டு. அதைப் படிக்க வேறு கருவி எதுவும் வேண்டா. கண்ணும் தமிழறிவும் போதும்.

அடுத்து வந்தது தட்டச்சுப் பொறி. அதனைத் தமிழுக்கு இசைவித்த இரா. முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர். இளமையில் மலாயாவுக்கு வந்து, ஒரு வணிக நிறுவனத்தில் பல்லாண்டு எழுத்தராகப் பணிபுரிந்தவர். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறி ஆர்மோனியப் பெட்டியினும் பெரிதாகிவிடும் அன்றோ! எனவே கொம்பு, கால், புள்ளி முதலிய உறுப்புகளைப் பிரித்து விசைகளில் அமைத்தார். புள்ளிக்கு 'நகரா விசை' வைத்தார். அதைத் தட்டினால் தாள் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்தின் தலையில் புள்ளி சென்று அமரும். ஆகவே தட்டச்சர் கொம்பு, க, ல, கால் என்று தட்டி, பின்னர் புள்ளி, ங என்று முடிப்பார். புள்ளியை முன்னே இட்டு எழுத்தைப் பின்னே எழுதும் விந்தை இங்கேதான் நிகழ்ந்தது. இலக்கணத்திற்கும் கைப்பழக்கத்திற்கும் ஒவ்வாத முறை. ஆயினும் தாளில் விழுந்தது நல்ல தமிழ். பொறி பழுதானாலும், செய்த நிறுவனம் மறைந்தாலும், அடித்த தாள் படிக்கக்கூடியதாகவே இருந்தது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவில், 1987இல் சிம் லிம் ஸ்குவேர் திறக்கப்பட்டது. மாடி மாடியாகக் கணிப்பொறிக் கடைகள் பெருகின. அங்கே கணிப்பொறி வாங்கலாம்; ஆனால், வாங்கிய பொறியில் ஒரு தமிழெழுத்தும் இராது. தமிழைத் தமிழரே கொண்டுவந்து குடியேற்ற வேண்டியிருந்தது. 1980களிலேயே கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும் உருவாக்கினர். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' கண்டார். இவர்களுள் பெரும்பாலோர் எந்த அரசும் ஏவாமல், தம் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுத் தமிழுக்குப் பணிசெய்தோர் என்பதை நன்றியோடு குறிக்க வேண்டும்.

எனினும், நன்றி வேறு, திறனாய்வு வேறு. அக்காலக் கணிப்பொறியில் எழுத்துகளுக்கென இருந்த இருக்கைகள் 256. முற்பாதியில் ஆங்கிலம் முன்னமே அமர்ந்துவிட்டது. எஞ்சியவற்றில் தமிழை அமர்த்த வேண்டும். ஒருவர் ககரத்தை ஓரிடத்தில் வைத்தார். மற்றவர் வேறிடத்தில் வைத்தார். இன்னொருவர் ஆங்கில எழுத்தின் இருக்கையிலேயே தமிழை அமர்த்தினார். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நன்றாகவே இருந்தது. ஆனால், ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துரு உள்ள பொறியில் திறந்தால், தலையில் இருபுள்ளியும் சாய்கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். ஒரே ஊரில் இரண்டு தமிழாசிரியர் வினாத்தாளை மாற்றிக்கொள்ள இயலாத நிலை! ஓலைச்சுவடியைப் படிக்கத் தமிழறிவு போதுமாயிருந்தது. இந்தக் கோப்பைப் படிக்கவோ, எழுதியவர் வைத்திருந்த அதே எழுத்துருவும் வேண்டும்.

இந்தக் குழப்பத்தினிடையே சிங்கப்பூர் செய்த பணி தனிச்சிறப்புடையது. 1995 அக்டோபரில் நான்கு மொழிகளிலும் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் ஒன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே இடம்பெற நா. கோவிந்தசாமியும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் உழைத்தனர். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நாள்களுள் அஃது ஒன்று. ஆயினும் அதனினும் பெரிய பணி 1997 மே மாதம் நடந்தது. அப்பல்கலைக்கழகத்தில் 'தமிழ்நெட் 97' என்னும் கருத்தரங்கு கூடியது. தத்தம் எழுத்துருவே சிறந்தது என்று எண்ணியிருந்தோர் ஒரே அறையில் அமர்ந்து, 'நமக்குள் ஓர் உடன்பாடு வேண்டும்' என்று பேசத் தொடங்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. அதன் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். 2000 சூலையில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருப்பெற்றது.

உடன்பாடு காணக் கூடியவர்களிடமும் உடன்பாடு எளிதில் வரவில்லை என்பது இவ்வரலாற்றின் நகைச்சுவை. அரசு ஏற்றவை இரண்டு இருக்க, பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சலில் கூடிப் பேசி வகுத்த 'திஸ்கி' மூன்றாவதாக நின்றது. பொதுத் தரம் ஒன்று வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். அந்த ஒன்று தம்முடையதாக இருக்க வேண்டும் என்பதிலும் அவரவர் உறுதியாக இருந்தனர். இந்த வழக்கு இவர்கள் தீர்ப்பால் முடியவில்லை. உலக மொழிகள் யாவற்றிற்கும் ஒரே அட்டவணையாக வந்த யூனிகோடு வெளியிலிருந்து நுழைந்து முடித்து வைத்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயினும் விண்டோஸ் 2000 வந்து, 'லதா' எழுத்துருவுடன் தமிழைத் தானே ஏற்றுக்கொண்ட பின்னர்தான் அதன் பயன் இல்லங்களுக்கு வந்தது.

யூனிகோடு தமிழை எவ்வாறு அறிந்துகொண்டது? இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட 'இஸ்கி' அட்டவணையைப் பின்பற்றி அறிந்துகொண்டது. அதனால் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று வெற்றிடங்கள் உள்ளன. அவை வடமொழியில் ககரத்தைத் தொடர்ந்து வரும் மூன்று ஒலிகளுக்கு உரியவை. அவ்வொலிகள் தமிழில் இல்லை. ஆயினும் அவற்றிற்கு வீட்டெண் உண்டு. கேலாங்கின் சந்து எண்களைப் போல ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கின்றனர். ஆனால், எண்ணியவர் நம் ஊருக்கு வந்து பார்த்து எண்ணவில்லை.

இனி நம் சொல்லை அதில் இட்டுப் பார்ப்போம். க, ஏகாரக் கொம்பு, ல, கால், ங, புள்ளி என ஆறு எண்கள். தமிழாசிரியர் ஈண்டு இரண்டு செய்திகளை நோக்க வேண்டும். மெய்யோடு அகரம் சேர, உயிர்மெய் பிறக்கும் என்பது நாம் கற்பிப்பது. யூனிகோடோ உயிர்மெய்யாகிய 'ங'வை முதலில் வைத்து, புள்ளியால் அதன் அகரத்தைக் கழித்து 'ங்' ஆக்குகிறது. நாமும் பேனாவால் அப்படித்தானே எழுதுகிறோம் என்பீர். உண்மை. ஆனால் 'கே' எழுதும்போது நம் கை கொம்பை முதலில் எழுதி, ககரத்தைப் பின்னர் எழுதும். யூனிகோடோ ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. ஏனெனில் காதில் ககரம்தான் முதலில் விழுகிறது. ஆகவே புள்ளிக்குக் கையைப் பின்பற்றியது. கொம்புக்குக் காதைப் பின்பற்றியது. இரண்டில் ஒன்றைக் கடைப்பிடித்திருந்தால் மாணவனுக்கு விளக்குவது எளிதாயிருக்கும்.

இவ்விளக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. பின்னால் வைத்த கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் கடமை. அக்கடமையை அறியாத மென்பொருள் ஒன்றில், குறிப்பாக விளம்பரம் வடிவமைக்கும் மென்பொருளில், இச்சொல்லை ஒட்டினால் கொம்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். முதலில் வெறும் 'க', அடுத்துக் கொம்பு, அதையடுத்து 'ல'வும் காலும். கொம்பும் காலும் லகரத்தை இருபுறமும் பற்றிக்கொள்ள, 'கேலாங்' என்பது 'கலோங்' ஆகிவிடும்! இந்தோனேசிய மொழியில் 'கலோங்' என்பது பழந்தின்னி வௌவாலின் பெயர். ஊர் தலைகீழாகத் தொங்குவது பொருத்தமே என்று நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் சிதைந்த சொல்லும் தமிழெழுத்தாகவே தோற்றமளிப்பதால், தமிழறியாத வடிவமைப்பாளர் கண்ணுக்குப் பிழை தெரிவதில்லை. நிலையான அறிவிப்புப் பலகையாகவே அது சாலையில் நின்றுவிடும். 2017ஆம் ஆண்டுத் தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் தாளில் தமிழ் வாசகம் பிழைபட அச்சேறி, ஏற்பாட்டுக் குழுவினர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அச்சுக்குப் போகுமுன் தமிழறிந்த ஒருவர் ஒரு மணித்துளி பார்த்தால் இத்தகைய பிழைகள் நிற்கா.

அகரவரிசையிலும் இதே கதை. மலை, மழை, மறை, மனை என்பது நம் வரிசை. எண்ணை மட்டும் நம்பும் மென்பொருள் மனை, மறை, மலை, மழை என்று அடுக்கும். அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். அங்கே 'பகல்' முந்திக்கொள்ளும். நன்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் தனி அட்டவணை வைத்து இதனைத் திருத்திக்கொள்கின்றன. சோம்பேறி மென்பொருள்கள் திருத்துவதில்லை. எழுத்தெண்ணிக்கையிலும் இழப்பு உண்டு. 'சிங்கப்பூர்' நமக்கு ஆறெழுத்து, பொறிக்குப் பதினொன்று. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். யூனிகோடுத் தமிழுக்கு 70 குறியீடுகளே இடம். இன்று நம்மோடு உரையாடும் செயற்கை அறிவு மென்பொருள்கள் பலவும் சொற்களைத் துண்டுகளாக்கி எண்ணுகின்றன. ஆங்கிலச் சொல் ஓரிரு துண்டாக நிற்கும்போது தமிழ்ச்சொல் பல துண்டாகிறது. கட்டணம் துண்டுக் கணக்கில் என்றால், அதே செய்திக்குத் தமிழன் மிகுதியாகக் கொடுக்க வேண்டும்.

இத்தனை குறையுடைய யூனிகோட்டை விட்டுவிடலாமா? விடலாம் என்று கூறுவோர் உளர். அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 'டேஸ் 16' என்னும் குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஓரெண். அதில் கேலாங் மூன்றெழுத்து; எண்ணும் மூன்றே. மெய்களும் உயிர்களும் வாய்பாடுபோல நிரல்பட நிற்கும். அகரவரிசையும் தானே அமையும். இலக்கணம் கற்றோர் மனத்துக்கு இனியது அதுவே. 2010இல் தமிழக அரசு யூனிகோட்டோடு அதனையும் ஏற்றது. ஆனால், அது நிற்குமிடம் உலக அட்டவணையில் எவரும் தம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள விடப்பட்ட தனிப்பயன் பகுதி. நாம் அங்கே தமிழை வைக்கலாம். வேறொருவர் அதே இடத்தில் தம் வணிகச் சின்னத்தை வைக்கலாம். அதற்குரிய எழுத்துரு இல்லாத பொறியில் அது வெறும் கட்டங்களாகத் தோன்றும். 1990களில் நாம் பட்ட இடர் மீண்டும் வாசலில் வந்து நிற்கும்.

ஒரு மென்பொருளை எந்த அளவுகோலால் அளப்பது? அழகாலும் இலக்கணப் பொருத்தத்தாலும் அளக்கலாம். இவ்விரண்டினும் முந்தியது ஒன்று உண்டு. இன்று நான் எழுதியதை, என் நண்பர் தம் பொறியில், இருபது ஆண்டு கழித்துப் படிக்க முடியுமா? இந்த அளவுகோலால் அளந்தால் முத்தையாவின் தட்டச்சு வெல்கிறது, ஓலை வெல்கிறது, அழகிய எழுத்துருக்கள் பல தோற்கின்றன. இலக்கண வழுக்கள் மலிந்த யூனிகோடோ வெல்கிறது. அதன் வெற்றி அறிவின் வெற்றியன்று. எல்லோரும் உடன்பட்டதன் வெற்றி. ஆயிரம் பேர் ஒத்துக்கொண்ட குறையுடைய எழுத்து, ஒருவர் மட்டும் அறிந்த குறையற்ற எழுத்தினும் நெடுநாள் வாழும். சிங்கப்பூர் 1997இலும் 2000இலும் அளித்த மேசையும் நாற்காலியும் அங்கே காட்டப்பெற்ற எந்த மென்பொருளினும் பெரிய கொடை என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. நாடு 50 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2015இல், அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், தேசிய நூலக வாரியத்தின் துணையோடு, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களுள் ஏறத்தாழ 350ஐ மின்வடிவாக்கியது. தொண்டூழியர் பலர் அமர்ந்து பிழை திருத்தினர். அந்நூல்கள் மின்வடிவம் பெற்றது அவை தாளில் இருந்ததால். 1966இல் அச்சான கதை நூலகத்தில் கிடைக்கிறது. 1996இல் நெகிழ்வட்டில் சேர்த்து வைத்த கதை கிடைக்குமா என்பது ஐயம். வட்டு கிடைத்தாலும் அதைத் திறக்கும் பொறி அரிது. திறந்தாலும் எழுத்துரு அரிது. ஓலைக்குக் கறையான், கோப்புக்குப் புதுப்பதிப்பு.

ஆகவே தமிழாசிரியர்களும் எழுத்தாளர்களும் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. பழைய எழுத்துருக்களில் முடங்கியிருக்கும் பாடக்குறிப்புகளையும் கதைகளையும், மாற்றித் தரும் மென்பொருள்கள் கிடைக்கும் இப்போதே யூனிகோட்டிற்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வரி வரியாகப் படித்துவிட வேண்டும். மாற்றும் மென்பொருளும் கொம்பை இடம் மாற்றி வைக்கும் குணமுடையதே. மாணவர்க்குத் தட்டெழுதக் கற்பிக்கும்போது, ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டும் முறையோடு நின்றுவிடாமல், உயிருக்கு ஒரு விசை, மெய்க்கு ஒரு விசை என்று அமைந்த தமிழ் 99ஐயும் காட்ட வேண்டும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாவதை விரல்களே கற்றுக்கொள்ளும் பலகை அது. லகர ளகர ழகர வேறுபாட்டை ஆங்கில எழுத்துகளுக்குள் தேடும் தொல்லையும் இல்லை.

பொறி ஆறு என்று எண்ணுவதை நாம் தடுக்க வேண்டுவதில்லை. அஃது அதன் கணக்கு. ஆனால் அறிவிப்புப் பலகையோ அழைப்பிதழோ அச்சுக்குப் போகுமுன், அதில் மூன்றெழுத்து மூன்றெழுத்தாகவே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு தமிழாசிரியர் வேண்டும். அதற்கு அவரை அழைக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். அழைக்காவிடினும், கேலாங் வழியே போகும்போது 'கலோங்' என்று கண்டால், உரியவர்க்கு ஒரு கடிதம் எழுத அவர் தயங்கலாகாது.